தகரத்தில் விழும் மழையும் தூங்காத காதும்

சப்ரகமுவ தோட்டங்களுக்கு மழை புதிதல்ல. இரத்தினபுரி மாவட்டத்தின் பல இடங்களில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல இரு மடங்குக்கும் கூடுதல். அந்த மழையில் நனைந்தபடியே கொழுந்து பறித்து வளர்ந்தவர்கள், இரவில் தகரக் கூரையில் அது சடசடக்கும்போது எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். காரணம் தேட வெகுதூரம் போகவேண்டாம். 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து வீடுகளை மூடியது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்திலும் லயத்தின் மேல் மண் இறங்கியது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மழையிலும் இந்த மலைகளில் பலருக்கு நெஞ்சு படபடக்கிறது. இதைக் கோழைத்தனம் என்பவர்கள், மூளைக்குள் நடக்கும் வேலையின் நுட்பத்தை அறியாதவர்கள்.

காதிலிருந்து தொடங்குவோம். உடம்பு உறங்கினாலும் காது உறங்குவதில்லை. வரும் ஒலிகளையெல்லாம் மூளை இரவு முழுக்கத் தரம் பிரித்துக்கொண்டே இருக்கிறது. லொறிச் சத்தத்துக்கு அசையாத தாய், பிள்ளை சிணுங்கியதும் விழித்துக்கொள்வது இதனால்தான். தூங்குபவரின் பெயரைச் சொன்னால் மற்றப் பெயர்களுக்கு எழாத அளவு மூளை அலை எழுகிறது என்பது 1960-லேயே ஆய்வில் தெரிந்தது. மண்சரிவைக் கண்ட மனிதருக்கு, எழுப்பவேண்டிய ஒலிகளின் பட்டியலில் மழையும் சேர்ந்துவிடுகிறது.

அடுத்து, அமிக்டலா. காதுகளுக்கு நேர் உள்ளே, மூளையின் இருபுறமும் பாதாம் பருப்பு அளவில் இருக்கும் நரம்புத் திரள் இது. ஆபத்தை மோப்பம் பிடிப்பது இதன் முக்கிய வேலை. நியூயோர்க்கின் நரம்பியலாளர் ஜோசப் லெடூ எலிகளில் ஆராய்ந்தபோது, ஒலி இங்கே வந்துசேரக் குறுக்குவழி ஒன்று இருப்பதையும், அதற்கு 12 மில்லி செக்கன் போதும் என்பதையும் கண்டார். ஒருமுறை கண் இமைப்பதற்குள் இது பல தடவை நடந்து முடியும். ‘இது சாதாரண மழைதானே’ என்று மேல்மூளை யோசித்து முடிப்பதற்கு முன்பே எச்சரிக்கை எழுந்து, இதயம் ஓடத் தொடங்கியிருக்கும். ஆகவே படபடப்பு வந்த பிறகுதான் யோசனை வரும். மனதைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை என்று யாரையும் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

இன்னும் வியப்பானது, இந்தப் பயத்தின் நினைவு எளிதில் அழிவதில்லை என்பது. ஆபத்தில்லாத மழைகள் பல பெய்து முடிந்தால் பயம் தணியும். அறிவியலில் இதைத் ‘தணிவுக் கற்றல்’ என்கிறார்கள். பழைய பயம் அப்படியே இருக்க, ‘இப்போது பரவாயில்லை’ என்ற புதிய பாடம் அதன் மேல் படிகிறது. சில காலம் இடைவெளி விழுந்தால் பழையது தானாக மேலே வரும். பழக்கிய ஒலிக்கு எச்சில் ஊறுவது நின்றுபோன நாய்களுக்கு, சற்று ஓய்வுக்குப் பின் அது திரும்பியதை உடலியலாளர் பவ்லோவ் பதிவுசெய்திருக்கிறார். “போன வருஷமெல்லாம் நல்லாத்தானே இருந்தேன், இப்ப ஏன் மறுபடி?” என்று மே மாதத்து முதல் பெருமழையில் ஒருவர் கேட்டால், அவர் பின்வாங்கிப் போகவில்லை. நினைவு அமைந்திருக்கும் விதம் அது.

பயத்தோடு நிச்சயமின்மையும் சேர்ந்துகொள்கிறது. 2016-இல் இலண்டனில் 45 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. கணினித் திரையில் பாறைகள். அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்கவேண்டும். இருந்தால் கையில் சிறு மின்னதிர்ச்சி. வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்தார்கள். அதிர்ச்சி நிச்சயம் வரும் என்று தெரிந்த நேரங்களை விட, வருமா வராதா என்று பாதிக்குப் பாதி நிலையில் இருந்த நேரங்களிலேயே அவர்கள் அதிகம் தவித்தார்கள். லயத்தில் விடிய விடிய விழித்திருப்பவரின் நிலை அச்சாக இதுதான்.

இங்கேதான் மழைமானி ஒரு மனநலக் கருவியாகவும் ஆகிறது என்பது என் எண்ணம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணிநேர மழைக்கு மூன்று எல்லைகளை வைத்திருக்கிறது: 75 மில்லிமீட்டரில் விழிப்பு, 100-இல் ஆயத்தம், 150-இல் வெளியேற்றம். 150 மில்லிமீட்டர் என்றால் ஒரு ஏக்கர் சரிவில் ஏறத்தாழ 600 தொன் தண்ணீர். மானியில் 40 என்று கண்ணால் பார்த்தவரின் மேல்மூளைக்கு அமிக்டலாவிடம் சொல்ல ஒரு பதில் கிடைக்கிறது. 140 என்று பார்த்தவர் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு கிளம்பலாம். இந்தச் சரிவுகளில் ‘பயப்படாதே’ என்பது பொய்யான ஆறுதல். பயம் இங்கே வேண்டும். அது எப்போது வேண்டும் என்று தெரிவதுதான் தேவை.

உடம்பிலேயே ஒரு கடிவாளமும் உண்டு. மூச்சை வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு துடிப்பைக் குறைக்கிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு, வெளிமூச்சு நீளமாக: சில நிமிடங்களிலேயே வித்தியாசம் தெரியும். உணர்ச்சிக்குச் சொல் கொடுத்தாலே அமிக்டலாவின் பரபரப்பு குறைவதை லொஸ் ஏஞ்சலிஸ் ஆய்வு ஒன்று 2007-இல் காட்டியது. “ராத்திரி மழைக்கு நெஞ்சு அடிச்சிக்கிட்டே இருந்திச்சு அக்கா” என்று அடுத்த நிரையில் கொழுந்து எடுப்பவரிடம் சொல்வதும் வைத்தியத்தில் ஒரு பங்குதான்.

பெரும்பாலோருக்கு இது மெல்லத் தணிந்துவிடும். உலகில் 100 பேரில் 70 பேர் வாழ்நாளில் ஒரு பேரதிர்ச்சியைச் சந்திக்கிறார்கள். அப்படிச் சந்திப்பவர்களில் அது நோயாக நிலைப்பது நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவானோருக்கே என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் ஒரு மாதம் கடந்தும் கெட்ட கனவும் தூக்கமின்மையும் விடவில்லை, வேலைக்கு இறங்க முடியவில்லை என்றால், காத்திருக்க வேண்டாம். இரத்தினபுரி, கேகாலை வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். போக வழியில்லாத இரவில், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணை அழையுங்கள். 24 மணிநேரமும் எடுப்பார்கள்.