மலைத்தோட்டங்களில் இருவழி வானொலி

மனிதன் தன் உடல் செல்லாத இடத்துக்குத் தன் குரலை அனுப்ப முயன்ற வரலாறு நெடியது. பறையும் கொம்பும் மணியும் அம்முயற்சியின் முதற் படிகள். கம்பித் தந்தியும் தொலைபேசியும் அடுத்த படிகள். கம்பியின்றியே குரலைக் கொண்டுசெல்லும் வானொலி அவற்றின் பின் வந்த படி. வானொலி வகைகளுள் கையில் அடங்குவதும், பேசுதற்கும் கேட்டற்கும் ஒருங்கே பயன்படுவதுமாகிய இருவழி வானொலியைப் பற்றி ஈண்டுச் சில கூறுவோம். மக்கள் இதனை வோக்கி டோக்கி என்பர். காவலாளியின் இடுப்பில் தொங்கும் கருவியொன்று கல்லூரி மலரில் ஆராயத்தக்கதோ என ஐயுறுவார் உளராயின், ஒரு மழைக்காலத்தைச் சப்பிரகமுவ மலைத்தோட்டமொன்றிற் கழித்துப் பார்க்குமாறு அவரை வேண்டுவோம்.

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களும் சேர்ந்தது சப்பிரகமுவ மாகாணம். தேயிலையும் இறப்பரும் இங்குள்ள தோட்டங்களின் பயிர்கள். தென்மேற்குப் பருவமழை இம்மலைகளில் முழு வலிமையுடன் பெய்கின்றது. 2003 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பேரிழப்புற்றது. 2016 மே 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவிற் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடிற்று. அதே நாளிற் புளத்கொகுபிட்டியவிலே களுபஹன தோட்டத்து லயத்தின்மீதும் மண் வீழ்ந்து உயிர்களைக் கொண்டது. மண்சரிவு அபாயத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் அறிவிக்கின்றது. சிவப்பு என்பதன் பொருள் இடத்தை விட்டு அகல்க என்பது. அவ்வறிவிப்பு கொழும்பிலிருந்து தோட்டக் காரியாலயம்வரை வருதல் எளிது. காரியாலயத்திலிருந்து மலைச்சரிவிலுள்ள கடைசி லயம்வரை செல்லுதலே அரிது. மின்சாரம் நின்று, கைத்தொலைபேசிக் கோபுரங்களின் மின்கலங்களும் ஓய்ந்துவிட்டால், அக்கடைசி ஒரு மைலைக் கடப்பது எங்ஙனம் என்பதே வினா.

அவ்வினாவுக்கு இக்கருவி ஒரு விடை. 1925 டிசம்பரிற் கொழும்பில் ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியபோது வானொலி ஒருவழிக் கருவியாகவே நம் நாட்டு மக்களை அடைந்தது. நிலையம் பேசும், மக்கள் கேட்பர். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவிற் கல்வின் நிறுவனம், ஒருவர் கையிற் பிடித்துப் பேசத்தக்க சிறு கருவியை ஆக்கிற்று. அதன் நிறை ஏறத்தாழ 5 இறாத்தல். அந்நிறுவனமே பின்னர் மோட்டொரோலா எனப் பெயர் பூண்டது. 2004 டிசம்பர் 26இற் கடற்கோள் நம் கரைகளை அழித்துத் தொலைபேசித் தொடர்பு அறுந்தபோது, இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த பொழுதுபோக்கு வானொலியாளர் சிற்றலைக் கருவிகளால் அம்பாந்தோட்டையைக் கொழும்போடு இணைத்தனர். இடையில் வேறெந்த அமைப்பையும் நம்பாது, கருவியோடு கருவி நேரே பேசுவதே இதன் சிறப்பு என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

இனி, இது தொழிற்படுமாற்றை நோக்குவோம். தோட்டங்களுக்கு ஏற்ற கையடக்கக் கருவிகள் பெரும்பாலும் 136 முதல் 174 மெகாஹேட்ஸ் வரையுள்ள மீடிறன்களிலேனும், 400 மெகாஹேட்ஸுக்கு மேற்பட்ட மீடிறன்களிலேனும் இயங்குவன. 300ஐ மெகாஹேட்ஸிலுள்ள மீடிறனால் வகுப்பின் அலைநீளம் மீற்றரிற் கிடைக்கும். 150 மெகாஹேட்ஸுக்கு அது 2 மீற்றர். இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன. அன்ரெனாவின் உயரத்தை மீற்றரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆற் பெருக்கினால், தடையற்ற வெளியில் வானொலித் தொடுவானின் தூரம் கிலோமீற்றரிற் கிடைக்கும். 1.5 மீற்றர் உயரத்திற் கருவியைப் பிடித்தவனுக்கு அது 5 கிலோமீற்றர். சுற்றுப்புறத்திலும் 100 மீற்றர் உயர்ந்த முகட்டில் நிற்பவனுக்கு 41 கிலோமீற்றர். ஆதலின் 5 வாற்றுக் கருவிக்குப் பதிலாக 10 வாற்றுக் கருவியை நாடுவதினும், பத்தடி மேலேறி நிற்றல் நன்று.

யாழ்ப்பாணத்துச் சமநிலத்தில் இவ்விதி ஏறத்தாழ அப்படியே பொருந்தும். மலைநாட்டிலோ மலையே உதவியும் இடையூறுமாகின்றது. முகட்டில் நிற்பவன் தொலைவிலுள்ள ஊரோடு பேசுவான்; அதே மலையின் மறுபக்கத்துப் பள்ளத்தில் அரை மைல் தொலைவில் நிற்பவனோடு பேச இயலாது தவிப்பான். மலையின் நிழல் வானொலிக்கும் உண்டு. இதற்குப் பரிகாரம் முகட்டில் ஒரு மீள்பரப்பு நிலையத்தை அமைத்தல். அஃதியலாதாயின், இரு பள்ளங்களையும் காணத்தக்க இடத்தில் ஓர் ஆளை நிறுத்திச் செய்தியை வாங்கிக் கொடுக்கச் செய்தல். மழையால் இவ்வலைகள் குன்றுவதில்லை. நனைந்த மரச்செறிவோ அவற்றை ஓரளவு விழுங்கும். 150 மெகாஹேட்ஸ் அலையினும் 400 மெகாஹேட்ஸ் அலை அங்கு மிகுதியாகக் குன்றும். ஓரிடத்திற் குரல் தேய்ந்து கேட்டால் ஓரடி ஈரடி விலகி நின்று பார்த்தல் வேண்டும். எதிரொலித்து வரும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழிப்பினும் அடுத்த அடியில் ஒன்றையொன்று வலுப்படுத்தலாம். இடி முழங்கும்போது முகட்டில் நிற்றல் ஆகாது.

கருவியை இயக்குதல் எளிது. முறையாக இயக்குதலே பயிற்சி வேண்டுவது. தொலைபேசியில் இருவரும் ஒரே வேளையிற் பேசலாம். இதிலோ பொத்தானை அழுத்தியவன் பேசுவான், விட்டால்தான் கேட்பான். இருவர் ஒருங்கே அழுத்தின் ஒருவர் குரலும் தெளிவாகாது. பொத்தானை அழுத்திய கணத்திலேயே கருவி ஒலியைப் பரப்புவதில்லை. அக்கணத்திற் பேசத் தொடங்குவோரின் முதலெழுத்து காற்றோடு போகும். எனவே அழுத்தி, ஒரு நொடி பொறுத்து, வாயிலிருந்து மூன்று நான்கு விரல் அகலத்திற் கருவியைப் பிடித்து, இயல்பான குரலிற் பேசவேண்டும்.

முதலெழுத்தின் இழப்பு சிறிதன்று என்பதற்கு யான் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுவேன். இலக்கியம் கற்ற நமக்கு மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்றால் பழந்தமிழ் நூற்றொகுதிகள் நினைவுக்கு வரும். தோட்டத்து மக்களுக்கோ அவை தோட்டத்தின் மேற்பிரிவும் கீழ்ப்பிரிவும் ஆகும். சில ஆண்டுகளுக்கு முன், இடைவிடாது மழை பெய்த ஒரு மாலையில், யான் பணிபுரிந்த பாடசாலையிற் காவலாளி ஒருவர் இக்கருவியோடு நின்றார். “...கணக்கு லயத்து ஆட்களை இறக்கு” என ஒரு செய்தி வந்தது. வேறுபாடு காட்டும் ‘மேல்’ என்னும் சொல் பொத்தானோடு மறைந்துவிட்டது. அவர் விரைந்தோடவில்லை. “எந்தக் கணக்குங்க ஐயா, மேலயா கீழயா? திருப்பிச் சொல்லுங்க” என்றார். விடை வந்தபின், “மேல் கணக்கு, கோயிலுக்கு மேல உள்ள லயம், அதுதானுங்களே?” எனத் தாமும் ஒருமுறை சொல்லி உறுதி பெற்ற பின்னரே புறப்பட்டார். அன்றிரவு அச்சரிவில் ஒரு பகுதி மட்டும் இறங்கிற்று. லயத்தை மண் தீண்டவில்லை. ஆயினும் குழந்தைகளும் முதியோரும் பாடசாலை வாங்குகளில் உறங்கியதைக் கண்ட யான், ஒரு வினாவின் பெறுமதியை அன்று அறிந்தேன்.

அக்காவலாளி செய்தது உலகெங்கும் வானொலியாளர் கைக்கொள்ளும் நெறியே. அழைக்கப்படுபவர் பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் கூறுதல். செய்தியைச் சிறு துண்டுகளாகச் சொல்லுதல். பெற்றவர் அதனைத் திருப்பிக் கூறுதல் என்பன அந்நெறியின் உறுப்புகள். ‘ஓவர்’ என்பது என் பேச்சு முடிந்தது, நும் விடைக்குக் காத்துள்ளேன் எனப் பொருள்படும். ‘அவுட்’ என்பது உரையாடல் முடிந்தது, விடை வேண்டா எனப் பொருள்படும். ஆதலின் திரைப்படங்களில் இரண்டையும் சேர்த்துக் கூறுதல் முரண். ‘ரோஜர்’ என்பது பெற்றேன் என்று மட்டுமே பொருள்படும். செய்வேன் என்பதற்கு ‘வில்கோ’ என வேறு சொல் உண்டு. கேட்டலும் செய்தலும் வேறு என்பதை இவ்வேறுபாடு காட்டுகின்றது. எண்களைப் ‘பதினேழு’ என்னாது ‘ஒன்று, ஏழு’ எனப் பிரித்துக் கூறுக. ஊர்ப்பெயரை இருமுறை கூறுக. மின்கலத்தை மழைக்கு முன்னரே நிரப்பி, வேறொன்றையும் உலர்ந்த இடத்தில் வைத்திருக்க. உரிமமும் மறத்தற்குரியதன்று: 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்கீழ், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியின்றி இக்கருவிகளைப் பயன்படுத்தல் குற்றமாகும்.

முடிவாக ஒன்று. முன்னாளில் தோட்டத்திற் செய்தி தப்பின் ஒலியாக வந்தது. விடியுமுன் தப்பொலி எழும். மக்கள் பிரட்டுக்களத்துக்குச் செல்வர். துரையின் கட்டளை கணக்கப்பிள்ளை வழியாகவும் கங்காணி வழியாகவும் கீழிறங்கும். தப்பிடம் வினாவ இயலாது. கட்டளையைத் திருப்பிக் கேட்டல் பணிவின்மையாகக் கருதப்பட்டது. இருவழி வானொலியின் நெறியோ இதற்கு மாறானது. கீழிருப்பவன் திருப்பிக் கேட்கும்வரை மேலிருப்பவனின் செய்தி முற்றுப்பெறுவதில்லை. கருவி வாங்கப்பட்ட இடங்களிலும் இந்நெறி வேரூன்றாவிடின், அது மின்கலம் பூண்ட தப்பாகவே எஞ்சும்.

வள்ளுவர் கல்விக்கு ஓரதிகாரம் வகுத்ததோடு அமையாது கேள்விக்கும் தனியே ஓரதிகாரம் வகுத்தார். பொத்தானை விட்டுச் செவிசாய்க்கவும், ஐயமுற்றால் அஞ்சாது வினவவும் எம் மாணவருக்கு வகுப்பறையிலேயே பயிற்றுவோமாக. நாளை ஒரு மழையிரவில் மலையடிவாரத்தில் நிற்கப்போகிறவர் அவருள் ஒருவராக இருத்தல் கூடும்.