மலை திறக்கும் மாதங்கள்

கோடை விடுமுறைக்குத் திருப்பதி மலைகளில் நடக்கத் திட்டமிடுகிறவர்கள், பை கட்டுவதற்கு முன் பஞ்சாங்கத்தைப் புரட்டுவது நல்லது.

காலை நாலரை மணி. அலிபிரியில் இருட்டு இன்னும் விலகவில்லை. முதல் படியில் கற்பூரம் எரிகிறது. மஞ்சளும் குங்குமமுமாகப் பெண்கள் குனிந்து குனிந்து ஒவ்வொரு படிக்கும் பொட்டு வைத்தபடி ஏறுகிறார்கள். அவர்களைத் தாண்டி, டிராக் பேன்ட் அணிந்த இளைஞர் கூட்டம் ஒன்று இரண்டிரண்டு படிகளாகத் தாவுகிறது. காலி கோபுரத்தை எட்டுவதற்குள் இரண்டு தரப்புக்கும் ஒரே மாதிரி மூச்சு வாங்கும். அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள்; தூரம் சுமார் 9 கிலோமீட்டர்.

ஊட்டியின் நெரிசலும் கொடைக்கானலின் வாடகையும் அலுத்துப்போன நகரத்துக் குடும்பங்களுக்கு மலையில் நடந்தே விடுமுறையைக் கழிக்கும் ஆசை வந்திருக்கிறது. ஐரோப்பாவில் இது பழைய பழக்கம். 1863இல் தொடங்கப்பட்ட சுவிஸ் ஆல்பைன் கிளப்புக்கு மட்டும் ஆல்ப்ஸ் மலைகளில் சுமார் 150 குடில்கள் உள்ளன. பகலெல்லாம் நடை, மாலையில் ஒரு குடில், சூடான சூப், படுக்கை; மறுநாள் அடுத்த குடிலுக்குப் பயணம். கூடாரம் சுமக்க வேண்டாம், அடுப்பு சுமக்க வேண்டாம். சென்னையிலிருந்து மூன்று, நான்கு மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய சேஷாசல மலைத்தொடரில் இப்படி நடக்க முடியுமா?

முடியும், ஓரளவுக்கு. ஆனால் விடுமுறை கிடைக்கிற மே மாதம்தான் இந்த மலைகள் நடைக்கு ஒத்துவராத மாதம். திட்டம் போடுகிறவர்கள் பலருக்கு அது தெரிவதில்லை.

மண்டபம் என்ற குடில்

1944இல் முதல் மலைச்சாலை திறக்கப்படும் வரை திருமலைக்குப் போனவர்கள் எல்லோரும் நடந்தார்கள், அல்லது டோலியில் சுமக்கப்பட்டார்கள். வழிநெடுக உள்ள கல் மண்டபங்கள்தான் அந்தக் காலத்துக் குடில்கள். ஏறுகிறவன் எங்கே களைப்பான் என்பதைக் கணக்குப் போட்டுக் கட்டியவை போல அவை நிற்கின்றன. செங்குத்தான முதல் ஏற்றம் முடிந்ததும் காலி கோபுரம். தமிழர் காதில் அது காலியாகக் கிடக்கும் கோபுரம் என்று விழும்; தெலுங்கில் காலி என்றால் காற்று. வியர்த்து வந்து அங்கே நின்றவர்களுக்குப் பெயரின் பொருத்தம் விளங்கும். அதன் பிறகு வழி சற்று இளைப்பாறுகிறது. மான் பூங்கா, ஏழாவது மைல் அனுமன் சிலை, நரசிம்மர் கோயில் என்று கடந்து, முடிவில் தமிழ் யாத்ரிகர்கள் ‘முழங்கால் முறிச்சான்’ என்று அழைக்கும் ஏற்றம். மலையைக் காலால் மிதிக்க மனம் வராமல் ராமானுஜர் முழங்காலால் ஏறிய இடம் என்பது ஐதீகம்.

இன்னொரு வழி சந்திரகிரிப் பக்கம், ஸ்ரீநிவாச மங்காபுரத்தை அடுத்துத் தொடங்கும் ஸ்ரீவாரி மெட்டு. 2,388 படிகள், 2.1 கிலோமீட்டர்தான். தூரம் குறைவு என்பதற்காக எளிது என்று நினைத்துவிடக் கூடாது. சமதளம் அதிகம் இல்லை. சந்திரகிரிக் கோட்டையிலிருந்து விஜயநகர மன்னர்கள் வந்த பாதை என்று சொல்வார்கள். 2021 நவம்பர் மழையில் பாதையின் சில பகுதிகள் அடித்துச் செல்லப்பட, பழுது பார்த்து 2022 மே மாதம்தான் மறுபடி திறக்க முடிந்தது.

ஆல்ப்ஸ் குடில்களிலும் எளிதில் கிடைக்காத ஒரு வசதி இங்கே உண்டு. அடிவாரத்தில் மூட்டையை ஒப்படைத்தால், தேவஸ்தானமே இலவசமாக மேலே கொண்டு சேர்க்கிறது. தண்ணீர், கழிப்பிடம், வெயிலுக்குக் கூரை எல்லாம் வழியில் உண்டு. குடிலில் இருப்பது ஒன்று மட்டும் மண்டபத்தில் இல்லை: இரவில் அங்கே தங்க முடியாது. ஒரே மூச்சில் ஏறி முடித்துவிட வேண்டியதுதான்.

காட்டுக்குள் வேறு கதை

படிக்கட்டை விட்டு விலகினால் காடு. இங்குள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா 1989இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 353 சதுர கிலோமீட்டர். அதையும் உள்ளடக்கி, பழைய சித்தூர், கடப்பை மாவட்டங்களில் பரவிய 4,700 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான நிலம் 2010இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமானது. தேவாங்கு, மலை அணில், பாறை இடுக்குகளில் ஒளிந்து வாழும் பொன்னிறப் பல்லி என்று இங்கே காணக் கிடைப்பவை ஏராளம். இரவில் தங்கித் தங்கி நடக்க, குடில்கள் கோத்த பாதை மட்டும் கிடையாது. அன்னமாச்சாரியார் வந்ததாகச் சொல்லப்படும், மாமண்டூர்ப் பக்கத்திலிருந்து திருமலைக்கு வரும் பழைய பாதையும் இந்தக் காட்டுக்குள்தான் போகிறது. அனுமதியின்றி அதில் நுழைவது குற்றம்.

கூடாரம் போட்டால் என்ன என்று கேட்கும் இளைஞர்கள் உண்டு. அவர்கள் யோசிக்க வேண்டிய முதல் விஷயம் செம்மரம். உலகில் இயற்கையாக வேறெங்கும் காண முடியாத இந்த மரத்தின் தாயகம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதிதான். கடத்தல்காரர்களின் கண்ணும் அங்கேயே. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி இதே சேஷாசலக் காட்டில், மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி, தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேரை ஆந்திர அதிரடிப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். மோதல் என்றது போலீஸ். மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. இறந்தவர்களில் பலர் ஏழை மலைக் கிராமங்களிலிருந்து கூலிக்குப் போனவர்கள். அந்தக் காட்டில் இரவு நேரத்தில், அனுமதிச் சீட்டு இல்லாமல், முதுகில் பையுடன் ஒரு கூட்டம் நடமாடுவது சாகசமாக யாருக்கும் தோன்றாது.

இரண்டாவது, சிறுத்தை. 2023 ஜூனில் அலிபிரிப் பாதையில் மூன்று வயதுச் சிறுவனை ஒரு சிறுத்தை கவ்விச் சென்றது. கூச்சல் கேட்டு விட்டுவிட்டதால் பிள்ளை பிழைத்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆறு வயதுச் சிறுமிக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. பெற்றோருடன் இரவில் படியேறிக் கொண்டிருந்தவள் அவள். அடுத்த சில வாரங்களில் பல சிறுத்தைகள் கூண்டில் சிக்கின. 15 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பிற்பகல் 2 மணிக்கு மேல் நடைபாதையில் அனுமதியில்லை என்று அப்போது தேவஸ்தானம் அறிவித்தது. நடப்பவர்களுக்குக் கைத்தடியும் கொடுத்தது. நேரக் கட்டுப்பாடுகள் அவ்வப்போது மாறுவதால் கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்வது அவசியம். ஆனால் விதி தளர்ந்தாலும், குழந்தையைக் கைப்பிடியில் வைத்துக்கொண்டு பகலில் கூட்டத்தோடு நடப்பது என்ற பழக்கத்தைத் தளர்த்த வேண்டியதில்லை.

கோடையின் நெருப்பு

மூன்றாவது எதிரி கோடையேதான். மே மாதத்தில் திருப்பதியில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது சகஜம். இலையுதிர்ந்த காட்டில் காய்ந்த புல் முழங்காலுக்கு நிற்கும். 2014 மார்ச்சில் திருமலைக் காடுகளில் பற்றிய தீயை அணைக்க விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் தண்ணீர் சுமந்து பறக்க வேண்டியிருந்தது.

தமிழர்கள் இந்தப் பாடத்தைத் தங்கள் மண்ணிலேயே கற்றார்கள். 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில், மலையேற்றம் முடித்து இறங்கிக் கொண்டிருந்தவர்களைக் காட்டுத் தீ வளைத்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வார இறுதிக்காக வந்த சாதாரண உத்தியோகஸ்தர்கள், பெரும்பாலும் இளவயதினர். அதன் பிறகுதான் தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் ‘டிரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 பாதைகளை வழிகாட்டிகளுடன் திறந்துவிட்டது. அந்தப் பாதைகளும் தீப் பருவத்தில் மூடப்படுகின்றன.

திருமலையில் இந்த ஒழுங்கு அரசாணைக்கு முன்பே இருக்கிறது. காட்டுக்குள் இருக்கும் தீர்த்தங்களுக்குப் பொதுமக்கள் கூட்டமாகப் போகும் நாட்கள் ‘முக்கோடி’ எனப்படுகின்றன. சக்கர தீர்த்தத்துக்குக் கார்த்திகை, ராமகிருஷ்ண தீர்த்தத்துக்குத் தைப் பௌர்ணமி, குமாரதாரைக்கு மாசிப் பௌர்ணமி, தும்புரு தீர்த்தத்துக்குப் பங்குனிப் பௌர்ணமி. வரிசையைக் கவனித்தால் சங்கதி புலப்படும். வடகிழக்குப் பருவமழை அடங்கத் தொடங்கும்போது ஆரம்பித்து, அக்னி நட்சத்திரம் பிறப்பதற்கு முன் முடிந்துவிடுகிறது. ஓடைகளில் தண்ணீர் இருக்கும், புல்லில் ஈரம் இருக்கும் மாதங்கள் இவை. முழு நிலா வேறு. பாபவிநாசத்தைத் தாண்டிப் பாறைகளில் ஏறி இறங்கித் தும்புரு தீர்த்தம் போகிறவர்களுக்கு அன்று தேவஸ்தானம் சாப்பாடும் தண்ணீரும் கொடுக்கிறது. வனத்துறையும் போலீசும் மருத்துவக் குழுவும் கூடவே நிற்கின்றன. இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் வர வேண்டாம் என்று முன்கூட்டியே எச்சரிக்கிறார்கள். சேஷாசலக் காட்டின் உள்ளே சட்டப்படி, துணையோடு நடக்க விரும்பும் சாமானியருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

மே மாதம்தான் என்றால்

பள்ளிக்கூடம் பஞ்சாங்கம் பார்த்து விடுமுறை விடுவதில்லை. மே மாதத்தை விட்டால் வழியில்லை என்கிற குடும்பங்களுக்கு, நடையைச் சுருக்கி, தங்கலை நீட்டிய ஒரு வாரத் திட்டம் பொருந்தும்.

முதல் நாள் மாலை திருப்பதி. மறுநாள் ஸ்ரீவாரி மெட்டு திறந்ததும் ஏறத் தொடங்கினால், வெயில் உறைப்பதற்குள் திருமலை. சுமார் 850 மீட்டர் உயரத்தில் உள்ள மேல் திருப்பதியில் வெப்பம் சில டிகிரி குறைவு. அறை பெரும்பாலும் ஒரு நாளுக்குத்தான் கிடைக்கும். அதையும் முன்பதிவு செய்துவிட வேண்டும். கிடைக்காவிட்டால் யாத்ரிகர் வளாகங்களில் இலவச லாக்கரும் பாயும் உண்டு. தரிசன டோக்கன் விதிகள் அடிக்கடி மாறும். பழைய அனுபவத்தை நம்பிப் போகக் கூடாது. மேலே பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை என்பதால் எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போக வேண்டும்.

கோயிலுக்கு அருகிலேயே சிலாதோரணம். காற்றும் நீரும் குடைந்த இயற்கையான பாறை வளைவு. மலைச்சாலையில் போகும்போது, பாறைச் சரிவில் ஓரிடத்தில் இரண்டு யுகங்களின் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருப்பதைக் காணலாம். இடையில் காணாமல்போன காலம் சுமார் 80 கோடி ஆண்டுகள் என்பது புவியியலாளர்கள் கணக்கு. இறங்கும்போது அலிபிரிப் படிகள், அதிகாலையில். ஏறுவதில் மூச்சுக்குச் சோதனை என்றால் இறங்குவதில் முழங்காலுக்கு. வெறுங்காலுடன் நடப்பவர்களுக்கு, சாலையோரமாகப் போகும் பகுதி வெயில் ஏறினால் தீ மிதிதான்.

அடுத்தது தலக்கோணா. பாக்கராப்பேட்டை வழியாகப் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் போகலாம். 270 அடி உயர அருவி. ஆந்திரத்தில் இதுவே உயரமானது. கோடையில் தண்ணீர் மெலிந்திருக்கும், ஆனால் பள்ளத்தாக்கில் மரநிழல் குறையாது. மரங்களின் உச்சியை ஒட்டிக் கட்டிய கயிற்றுப் பாலம் சுமார் 240 மீட்டர் நீளம். விருந்தினர் விடுதிகள் உண்டு. காலை ஆறிலிருந்து ஒன்பது வரை உள்ளூர் வழிகாட்டியுடன் நடை, பிறகு ஓய்வு என்று இரண்டு நாள் இருக்கலாம். கடைசி இரண்டு நாள், மதனபள்ளியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் ஹார்ஸ்லி ஹில்ஸ். கடப்பை கலெக்டராக இருந்த டபிள்யூ.டி. ஹார்ஸ்லி 1870இல் வீடு கட்டிக்கொண்ட இந்த மலையின் சொந்தப் பெயர் ஏனுகு மல்லம்மா கொண்டா. உயரம் 1,265 மீட்டர். மாலையில் நடப்பதற்கு இந்த வட்டாரத்தில் மே மாதத்திலும் தைரியமாகச் சிபாரிசு செய்யக்கூடிய இடம் அதுதான்.

இல்லை, குடிலுக்குக் குடில் நடந்தே தீர வேண்டும் என்பவர்கள் மே மாதத்தில் வடக்கே ரயிலேற வேண்டும். மேற்கு வங்கத்தில் மானேபஞ்சனிலிருந்து தும்ளிங், காலிபொக்ரி வழியாக 3,636 மீட்டர் உயர சந்தக்பூ. தினமும் ஒரு விடுதி, சூடான சாப்பாடு, எதிரே கஞ்சன்ஜங்கா. உத்தராகண்டில் பிண்டாரி பனியாற்றுப் பாதையிலும் குமாவூன் சுற்றுலாக் கழகத்தின் ஓய்வில்லங்கள் வரிசையாக உண்டு. ஆனால் அந்த உயரத்தில் மூச்சு பழக நாள் ஒதுக்க வேண்டும். சந்தக்பூவில் வழிகாட்டி கட்டாயம். அங்கேயும் ஜூன் நடுவில் மழைக்காகப் பூங்காவைப் பூட்டிவிடுவார்கள்.

மலைக்கு மலை மாதம்தான் வேறு. ஆகவே, புதுக் காலண்டர் கைக்கு வந்ததும் தை, மாசி, பங்குனி மாதப் பௌர்ணமிகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைப்பது நல்லது. பிள்ளைகளுக்கு ஒரு நாள் லீவு லெட்டர் எழுத வேண்டியிருக்கும்; அவ்வளவுதான் செலவு.