மூட்டம் விடும் நேரம்

தேத்தண்ணியை ஆறவிடாமல் குடி தங்கச்சி, சொல்கிறேன். பிள்ளைகளைப் பார்த்து, உலையும் வைத்து, அதற்குள் வெளியே உட்கார்ந்து மலையை எப்படி வரைவது என்றுதானே கேட்டாய்? பெரகலவில் மலையே நமக்கு நேரத்தை அளந்துதான் கொடுக்கிறது.

கொழும்பு வீதியிலிருந்து அப்புத்தளை வீதி பிரிகிற இந்தச் சந்தியில், வானம் தெளிந்த காலையில் தெற்கே சமவெளி வரைக்கும் தெரியும். வெயில் ஏற ஏறக் கீழ்நாட்டின் ஈரக்காற்று சரிவில் மேலேறிக் குளிர்ந்து மூட்டமாகிவிடும். இடையில் கொஞ்சம் விடும். ஒரு லயக்கூரை, நாலு சவுக்கு மரம் தெரியும். மறுபடி மூடிக்கொள்ளும்.

அதனால் படத்தை வெளியிலேயே முடிக்கப் பார்க்காதே. ஈரக்காற்றில் நீர்வண்ணம் காயாது. காயாத பூச்சின்மேல் அடுத்ததைப் பூசினால் இரண்டும் கலங்கி, மலையின் விளிம்பே போய்விடும். பென்சிலால் வரம்பை மட்டும் பிடி. எட்டப் போகப் போக மலை வெளிறி நீலம் பாயும், கிட்டத்துத் தேயிலை கறுத்து நிற்கும். மூட்டத்துக்கு வண்ணமே வேண்டாம், தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிடு.

மதுரையில் பிறந்த ஓவியர் மனோகர் தேவதாஸை நினைத்துக்கொள். 1972 கடைசியில் நடந்த கார் விபத்தில் அவர் மனைவி மஹிமாவுக்குத் தோளுக்குக் கீழே உடல் செயலிழந்தது. 2008இல் அந்த அம்மா கண்மூடும் வரை கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். மனோகருக்கோ விழித்திரை நோய். பார்வை வருடா வருடம் சுருங்கி, குழலுக்குள்ளால் பார்ப்பதுபோல ஆகிவிட்டது. ஒரே பார்வையில் முழுக் காட்சி அகப்படாது. அப்படியிருந்தும் மதுரையின் கோபுரங்களையும் மலைகளையும் துண்டு துண்டாகப் பார்த்து, பேனா மையில் நுணுக்கமாகக் கோடிட்டுச் சேர்த்தார். 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது, 2022இல் காலமானார். விருதைவிட, பார்த்த துண்டை நழுவவிடாத அந்தப் பொறுமைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மூட்டம் நமக்கும் துண்டு துண்டாகத்தானே காட்டுகிறது?

இன்னொரு பழக்கத்தை இங்கிலாந்து ஓவியர் ஜான் கான்ஸ்டபிளிடம் எடுத்துக்கொள். ஏழு பிள்ளைகள், மனைவிக்குக் காசநோய். மனைவியின் உடம்புக்கு நல்ல காற்று வேண்டுமென்று லண்டனுக்கு அருகே ஹாம்ஸ்டெட் மேட்டுக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போனார். 1821, 1822இல் அங்கே வெளியில் நின்று மேகங்களைச் சின்னத் தாள்களில் தீட்டினார். பல தாள்களின் பின்னால் தேதி, நேரம், காற்றின் போக்கு எல்லாம் எழுதிவைத்தார். நீயும் எழுது. பாதியில் பிள்ளை கூப்பிட்டால் எழும்பிப் போ. இன்னொரு நாள் அதே நேரத்துக்கு வந்தால் வெயில் அதே பக்கத்திலிருந்து விழும், விட்ட இடத்திலிருந்து பிடிக்கலாம்.

நாளைக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நேரே இங்கே வா. பென்சிலும் கொப்பியில் ஒரு தாளும் போதும். வண்ணப்பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும்.