அணைந்த விளக்கின் சாட்சி

உரும்பிராயிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். லண்டனில் இருக்கும் மகன் விமான நிலையத்துக்குப் போகும் வழியில், ஒரு விபத்துக்காகப் பெருந்தெருவை ஆறு மணித்தியாலம் மறித்துவிட்டார்களாம். "காயப்பட்டவரை அம்புலன்ஸ் எப்போதோ ஏற்றிப் போய்விட்டது. பிறகும் வெறுந்தெருவில் பொலிஸார் என்னத்தைத் தேடுகிறார்கள்?" என்று கேட்கிறார்.

வேகத்தைத் தேடுகிறார்கள். சில்லு இறுகி வழுக்கினால் தாரில் கறுப்புத் தடம் விழும். அதன் நீளமும் அந்த இடத்தின் பிடிமானமும் தெரிந்தால் வேகத்தைக் கணக்கிடலாம். 25 மீற்றர் தடம் என்று வையுங்கள். காய்ந்த தார் வீதியின் உராய்வுக் குணகம் 0.7 அளவில் இருக்கும்; அப்படியானால் அந்த வாகனம் மணிக்கு 67 கிலோமீற்றரில் வந்திருக்கிறது. மழையில் நனைந்து குணகம் 0.4க்கு இறங்கியிருந்தால், அதே 25 மீற்றர் 50 கிலோமீற்றரைத்தான் காட்டும். எங்கள் ஊர்மனைக்குள் மோட்டார் சைக்கிளுக்கு 50தான் எல்லை. ஒருவர் குற்றவாளியா இல்லையா என்பது அன்றைய ஈரத்தில் தொங்குகிறது. அதனால்தான், வீதியின் நிலை மாறுவதற்குள், அளவுமானி பொருத்திய வாகனமொன்றை அதே இடத்தில் ஓட்டிச் சடுதியாகப் பிரேக் பிடித்துப் பார்க்கிறார்கள். வீதி வெறுமையாக இருந்தால்தானே அது நடக்கும்? இந்த வேலைகளை விரைவாக்கத்தான் 2011இல் பிரித்தானிய அரசு பொலிஸாருக்கு லேசர் ஸ்கானர் வாங்க நிதி கொடுத்தது. இன்று ட்ரோன் படங்களும் உதவுகின்றன.

ஆனால் என்னைப் பல நாள் நித்திரை கொள்ளவிடாமல் வைத்திருந்தது ரயர்த் தடமல்ல, உடைந்த பல்ப். "லைற் போடாமல் வந்தவன்" என்று ஒரு பக்கம் சொல்லும். "போட்டுக்கொண்டுதான் வந்தேன்" என்று மறுபக்கம் சொல்லும். சில வேளை மறுபக்கத்தில் சொல்ல ஆளே இருப்பதில்லை. அப்போது பல்ப் பேசும்.

சின்ன வயதில் அம்மா பனங்கட்டி காய்ச்சும்போது பக்கத்தில் குந்தியிருப்பேன். கொதிக்கும் பாணியை அகப்பையால் தூக்கினால் நூலாக நீளும். ஆறிய பனங்கட்டியை இழுக்க முடியுமா? டக்கென்று உடையும். பல்புக்குள் இருக்கும் தங்குதன் இழையும் அப்படித்தான். எரியும்போது அதன் சூடு 2,500 பாகை செல்சியசுக்கு மேல். அந்த வேளையில் பலத்த மோதல் நேர்ந்தால் சுருள் இளகி நீண்டு, கோணலாக வளைந்து, அந்தக் கோலத்திலேயே ஆறிவிடும். விளக்கு அணைந்திருந்தால் சுருள் வடிவம் மாறாமல் கூராக முறியும். கண்ணாடியும் உடைந்திருந்தால் இன்னொரு அடையாளம் கிடைக்கும்: சூடான இழையில் காற்றுப் பட்டதும் மஞ்சளும் வெள்ளையுமான ஒட்சைட்டுத் தூள் படியும். குளிர்ந்த இழையில் அது படியாது. விளக்கு எரிந்ததா என்ற கேள்விக்கு, நுணுக்குக்காட்டியின் கீழே மயிரிலும் மெல்லிய ஒரு கம்பி விடை சொல்கிறது.

எல்.ஈ.டி. விளக்குக்கு இந்த இழை கிடையாது. புதிய கார்களில் காற்றுப்பையோடு சேர்ந்த பதிவுக் கருவி, மோதலுக்கு முந்திய ஐந்து செக்கன் வேகத்தையும் பிரேக்கையும் எழுதி வைத்துக்கொள்கிறது. ஆனால் எங்கள் ஒழுங்கைகளில் ஓடும் பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு இன்னமும் பல்ப்தான் சாட்சி.

அந்தச் சாட்சியை நாங்களே அழித்துவிடுகிறோம் என்பதுதான் என் மனவருத்தம். விபத்து நடந்த பத்து நிமிடத்தில் சனம் கூடும். வாகனத்தை நிமிர்த்தி மதிலோரம் சாத்துவார்கள். இரத்தத்தில் மண் போடுவார்கள், வாளியால் தண்ணீர் ஊற்றுவார்கள். எல்லாம் நல்ல மனதோடுதான். பிறகு ஒருவர் "லைற் வேலை செய்யுதோ பாப்பம்" என்று சுவிட்சைப் போடுவார். உடைந்த பல்பில் மின்சாரம் பாய்ந்தால் இழை அந்த நொடியில் எரிந்து தூள் படியும். மோதும்போது எரிந்ததா, பிறகு எரிந்ததா என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும். நானே ஒரு மாலை முத்திரைச் சந்திப் பக்கம் இதைக் கண்ணால் கண்டேன். அன்றைக்கு எனக்கும் இது தெரியாது, பார்த்துக்கொண்டு நின்றேன்.

நல்லூர்க் கந்தசுவாமியார் கொடியேற்றம் தொடங்கினால் 25 நாள் திருவிழாவுக்கும் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் மறிப்பார்கள். பருத்தித்துறை வீதியால் வருபவர்கள் முகம் சுளிக்காமல் சுற்றிப் போகிறார்கள். அந்தப் பொறுமை எங்களுக்கு உண்டு. இறந்துபோன ஒரு பிள்ளைக்கு என்ன நடந்தது என்று தாய்க்குச் சொல்வதற்காக இரண்டு மணித்தியாலம் சுற்றிப் போக மாட்டோமா?

அடுத்த முறை வழியில் விபத்தைக் கண்டால் முதலில் 1990க்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காயப்பட்டவரைக் கவனியுங்கள். பின்னால் வரும் வாகனங்களைத் தள்ளி நிறுத்துங்கள். கைத்தொலைபேசியில் மனிதரைப் படம் பிடிக்க வேண்டாம். மழை வருவதற்குள் தாரிலுள்ள தடத்தைப் படம் பிடித்துப் பொலிஸாரிடம் கொடுங்கள். விளக்குச் சுவிட்சைத் தயவுசெய்து தொடாதீர்கள்.