பலர் கை படும் கணக்கு

அணுவினும் நுண்ணிய துணிக்கைகளை ஆராயும் கூடங்களைப் பற்றிப் பேச்செழுந்தால், அங்குள்ள பெருங்கருவிகளின் அளவும் எடையுமே முதலிற் சொல்லப்படும். அக்கருவிகள் தரும் எண்கள் எவ்வாறு கணக்கிடப்படுகின்றன என்பதைச் சொல்வார் அரியர். கருவி எத்துணைச் சிறந்ததாயினும், அதன் எண்களைப் பலர் பலவாறு கணக்கிட்டால் உண்மை புலப்படாது. இக்கணக்கு ஒழுங்குபடுத்தப்படும் முறையை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குதல் தகும்.

ஐரோப்பிய நாடுகள் பல கூடி 1954ஆம் ஆண்டில் நிறுவிய சேர்ன் ஆய்வுகூடம், ஜெனீவா நகரை அடுத்து, சுவிட்சர்லாந்து, பிரான்சு ஆகிய இரு நாடுகளின் எல்லையிலும் பரந்துள்ளது. புரோத்தன்களை எதிரெதிராக ஓடவிட்டு மோதச் செய்வதற்கென, 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள வளையமொன்று அங்கே நிலத்தின்கீழ் அமைந்துள்ளது. மோதலிற் பிறக்கும் துணிக்கைகளைக் கண்டறியும் கருவிகளுள் ஒன்று சீ.எம்.எஸ். எனப்படும். அதன் எடை ஏறத்தாழ 14,000 தொன். அதன் ஒரு பகுதியில் 75,848 பளிங்குக் கட்டைகள் உள்ளன. ஈயமும், மின்குமிழ் இழைக்கு உதவும் தங்குதன் என்னும் உலோகமும் சேர்ந்து உருவான இப்பளிங்குகள் கண்ணாடிபோற் தெளிவானவை. இலத்திரனோ ஒளித்துணிக்கையோ வந்து தாக்கும்போது இவை மினுங்குகின்றன. அம்மினுக்கம் மின்குறியாக மாற்றப்பட்டு, எண்ணாகப் பதிவாகின்றது.

ஆனால், ஒரே அளவான ஆற்றல் வந்து தாக்கினும் எல்லாப் பளிங்குகளும் ஒரே அளவாக மினுங்குவதில்லை. ஆதலால் ஒவ்வொன்றுக்கும் உரிய திருத்த எண் தனித்தனியே காணப்படல் வேண்டும். கருவியின் நடுப்பகுதிக்குரிய 61,200 பளிங்குகள், தொகுதிக்கு 1,700 வீதம் 36 தொகுதிகளாகக் கட்டப்பட்டன. அவற்றுள் ஒன்பது தொகுதிகள், 2006ஆம் ஆண்டில், ஆற்றல் முன்னரே தெரிந்த இலத்திரன் கற்றையின் எதிரே வைத்துச் சோதிக்கப்பட்டன. 36 தொகுதிகளும் வானிலிருந்து இயல்பாகவே வந்து விழும் அண்டக்கதிர்களாற் சோதிக்கப்பட்டன. இலத்திரன் கற்றை தரும் திருத்த எண் மிகத் துல்லியமானது. அண்டக்கதிர் தருவது அதனினும் பருமட்டானது. எனவே இரு சோதனைக்கும் உட்பட்ட ஒன்பது தொகுதிகளில் இரண்டு விடைகளையும் ஒப்புநோக்கியே, எஞ்சிய 27 தொகுதிகளின் எண்களை எவ்வளவுக்கு நம்பலாம் என்று துணிய வேண்டியிருந்தது.

இவ்வொப்புநோக்கல் பொருளுடையதாக வேண்டுமாயின், இரு கணக்குகளும் ஒரே முறையைத் தழுவியிருத்தல் வேண்டும். முறை பிறழ்வதற்கு வழிகள் பல. பளிங்கிற் பாய்ந்த இலத்திரனின் ஆற்றல் அண்டைப் பளிங்குகளிலும் பரவும். ஒருவர் சுற்றியுள்ள ஒன்பது பளிங்குகளின் எண்களைக் கூட்ட, மற்றொருவர் இருபத்தைந்தைக் கூட்டினால் விடைகள் வேறுபடும். வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால் இப்பளிங்கின் ஒளி ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு குறையும். ஒருவர் அதற்குத் திருத்தஞ் செய்து, மற்றவர் செய்யாதுவிட்டால், பளிங்கிற் குறை இல்லாமலே குறை தோன்றும். கணினி மொழிகளிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய போட்ரான் மொழியில் வரிசைகள் வழக்கமாக ஒன்றிலிருந்து எண்ணப்படும். சி பிளஸ் பிளஸ் மொழியிலோ பூச்சியத்திலிருந்து எண்ணப்படும். இதனை மறந்தால் ஒரு பளிங்கின் திருத்த எண் அடுத்த பளிங்கின் பெயரிற் பதிவாகிவிடும். ஒரே கடையில் ஐந்து கணக்கப்பிள்ளைகள் தத்தம் வழக்கப்படி பேரேடு எழுதினால் முதலாளிக்கு இலாபம் எது, நட்டம் எது என்று விளங்குமா?

இதற்குப் பரிகாரமாகவே பொது மாக்ரோக்களும் எழுத்து விதிகளும் தோன்றின. மாக்ரோ என்பது, கணினி செய்யவேண்டிய வேலைகளை வரிசையாக எழுதிவைத்த சிறு கட்டளைத் தொகுப்பு. துணிக்கைப் பௌதிகத்தில் இதற்குப் பெரிதும் வழங்குவது ரூட் என்னும் மென்பொருள். றெனே புறூண், ஃபொன்ஸ் றாடெமாக்கர்ஸ் ஆகிய இருவரும் 1990களின் நடுப்பகுதியில் சேர்னில் இதனைத் தொடங்கினர். ரூட் மாக்ரோவை இயக்குவோர் கோப்பின் பெயரைச் சொன்னாற் போதும். அதே பெயருடைய கட்டளைப் பகுதியை அது தானே தேடி இயக்கும். பதிவான எண்களை வாசித்தல், வெப்பநிலைத் திருத்தம், அண்டைப் பளிங்குகளின் கூட்டல், வரைபடம் வரைதல் ஆகிய யாவும் ஒரு முறை எழுதப்பட்டுப் பலராலும் ஆளப்படலாம்.

பெயரிடுதலிலும் ரூட் ஒரு விதியைக் கைக்கொள்கிறது. வகுப்புகளின் பெயர் டி என்னும் ஆங்கில எழுத்திற் தொடங்கும். ஒரு பொருளின் உள்ளே அடங்கிய மதிப்புகள் எஃப் என்னும் எழுத்திலும், மாறிலிகள் கே என்னும் எழுத்திலும் தொடங்கும். முன்னறியாத ஒருவரும் பெயரின் முதலெழுத்தைக் கண்டவுடன் அது இன்னதென அறிந்துகொள்வார். இவ்வழக்கம் புதியதன்று. 1957இல் வெளிவந்த போட்ரான் மொழியிலேயே, ஐ முதல் என் வரையான ஆங்கில எழுத்துகளிற் தொடங்கும் பெயர்கள் முழு எண்களுக்கு உரியவை என்ற விதி இருந்தது. வரைபடங்களுக்குப் பெயரிடுவதிலும் கவனம் வேண்டும். ஒரே இடத்தில் ஒரே பெயருடன் இரண்டாவது வரைபடம் ஆக்கப்பட்டால், ரூட் எச்சரித்துவிட்டு முன்னதன் இடத்திற் பின்னதை வைத்துவிடும். ஆதலாற் சோதனையின் தொடரெண்ணையும் பளிங்கின் எண்ணையும் வரைபடத்தின் பெயரிற் சேர்ப்பது நல்வழக்கம்.

அலகுகளைப் பற்றிய விதி இவை எல்லாவற்றினும் முக்கியமானது. துணிக்கைகள் பொருளினூடே செல்வதைக் கணித்துக்காட்டும் ஜியண்ட் 4 என்னும் மென்பொருள் நீளத்தை மில்லிமீற்றரிற் கொள்கிறது. அதற்கு முந்திய ஜியண்ட் 3 சென்ரிமீற்றரிற் கொண்டது. அலகு குறிக்காத 10 என்ற எண் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றாற் பத்து மடங்கு பிழை நேரும். எனவே எண்ணை உட்செலுத்தும்போது அலகாற் பெருக்கியும், வெளியே எடுக்கும்போது அலகால் வகுத்தும் எழுதுவதே ஜியண்ட் 4 வகுத்த நெறி. இத்தகைய நெறி பிசகினால் விளையும் கேடு விண்வெளித்துறையில் வெளிப்பட்டது. 1999ஆம் ஆண்டு செப்டெம்பரில், செவ்வாய்க் கிரகத்தை ஆராயச் சென்ற அமெரிக்க விண்கலமொன்று அழிந்தது. பூமியிலிருந்து அதன் பாதையைக் கணித்தோரின் மென்பொருள்களுள் ஒன்று உந்துவிசையைப் பவுண்டு அலகில் தந்தது. அதனைப் பெற்ற மற்றொன்று நியூற்றன் அலகென்று கொண்டது. ஒரு பவுண்டு விசை ஏறத்தாழ 4.45 நியூற்றன். கலம் கிரகத்தை மிக நெருங்கிச் சென்று மறைந்தது.

பொது மாக்ரோவிலும் ஓர் ஆபத்து இல்லாமலில்லை. அதனுள் ஒரு பிழை இருந்தால் அது எல்லோருடைய கணக்கிலும் ஒருங்கே புகும். எல்லோர் விடையும் ஒத்திருப்பதனால் ஐயமும் எழாது. இதனை அறிந்தோர் இரண்டு காவல்களை வைத்துக்கொள்கின்றனர். முதலாவது, மாக்ரோவிற் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும், செய்தவர் பெயருடனும் நாளுடனும் பதிந்து, பழைய வடிவையும் அழியாது வைத்தல். இரண்டாவது, முக்கியமான கணக்கை மற்றொரு குழுவினர் அதே எண்களைக் கொண்டு, தாமே எழுதிய கட்டளைகளாற் தனித்துச் செய்துபார்த்தல். அலகும் பளிங்கின் எண்ணும் பொதுவாயிருப்பதனாலேயே இவ்விரு விடைகளையும் அருகருகே வைத்து நோக்க முடிகின்றது.

இவ்வளவு கவனமும் எதற்கு என்று நேயர்கள் வினவக்கூடும். சோதனைக் கற்றை ஒரு குழுவினருக்கு வாய்ப்பது சில நாட்களோ சில வாரங்களோதான். அதன்பின் தொகுதிகள் நூறு மீற்றர் ஆழத்திற் கருவியினுள்ளே பொருத்தப்பட்டுவிடும். விரும்பியபோது எடுத்து மீண்டும் கற்றையின் எதிரே வைத்தல் இயலாது. சோதனை செய்த மாணவர் பட்டம் பெற்று வேறு நாடு செல்வர். எஞ்சுவன எண்களும், அவற்றை வாசிக்கும் மாக்ரோக்களுமே.

2012ஆம் ஆண்டு யூலை 4ஆம் நாள், ஹிக்ஸ் துணிக்கையை ஒத்த புதிய துணிக்கையொன்றைக் கண்டதாகச் சேர்னில் அறிவிக்கப்பட்டது. அது இரண்டு ஒளித்துணிக்கைகளாகச் சிதைவதைச் சீ.எம்.எஸ். கருவியிற் காட்டியவை இப்பளிங்குகளே. சோதனைக் காலத்துத் திருத்த எண்கள், பின்னர் மோதல்களைக் கொண்டே மேலும் செப்பஞ்செய்யப்பட்டன. விடையைக் கண்டு முறையை வளைக்கும் ஆசை எழாதிருக்க, கணக்கிடும் முறை முடிவாகும்வரை துணிக்கை தென்படக்கூடிய பகுதியை ஆய்வாளர் பாராதிருந்தனர். பெருக்கெண் ஒன்று பிறழ்ந்திருந்தாலும், அதனை எழுதியவரை அறியாத ஒருவர் கோப்பைத் திறந்து, வரி வரியாக வாசித்து, பிழையைக் கண்டு திருத்துவதற்கு வழி அங்கே இருந்தது.