கைப்பேசித் தட்டச்சும் இளையோரின் தமிழ் எழுத்தும்

கைப்பேசியில் தமிழை உள்ளிடும் முறைகள், இன்றைய இளைஞர்கள் தமிழை எழுதும் விதத்தையும் படிக்கும் விதத்தையும் மாற்றி வருகின்றன. ஆங்கில எழுத்துகளைக் கொண்டு தமிழை எழுதும் 'தங்கிலீஷ்', ஒலிபெயர்ப்பு விசைப்பலகை, சொல் பரிந்துரை, குரல்வழித் தட்டச்சு ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. ஒரு கல்லூரி மாணவர் ஒரு நாளில் பேனாவால் எழுதுவதைவிடக் கைப்பேசியில் எழுதுவது அதிகமாக இருந்தால் வியப்பதற்கில்லை. ஆனால் தமிழ்த் தேர்வு அறையில் அவர் பேனாவையே பிடிக்க வேண்டியிருக்கிறது. அங்கே அவருக்குச் சொல் எடுத்துக்கொடுக்க எந்தப் பட்டையும் இல்லை.

எழுதுகருவியும் எழுத்தும்

கருவி மாறினால் எழுத்து மாறுவது தமிழுக்குப் புதிதன்று. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால், மெய்யெழுத்துகளைப் புள்ளியின்றியே எழுதினர். எகர, ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் சுவடிகளில் தெளிவாக இராது. படிப்பவர்தாம் இடம் நோக்கி உணர வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏகார, ஓகாரங்களை வேறுபடுத்த வழிசெய்தார். அச்சு பரவியபின் புள்ளியும் நிலைபெற்றது. 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, லை, ளை போன்றவை இன்றைய வடிவத்தைப் பெற்றன. அதற்கும் அச்சு, தட்டச்சு வசதி ஒரு காரணம்.

தமிழை ரோமன் எழுத்தில் எழுதுவதும் இளைஞர்கள் கண்டுபிடித்ததன்று. 1554இல் லிஸ்பனில் அச்சான 'கார்த்திலா' என்னும் நூலில் தமிழ் ரோமன் எழுத்துகளிலேயே இருந்தது. தமிழ் எழுத்துகளைக் கொண்டு அச்சான 'தம்பிரான் வணக்கம்' அதற்குப் பின், 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது.

தங்கிலீஷ் பரவியது ஏன்?

சோம்பலே காரணம் என்று பலர் சொல்வதுண்டு. அது முழு உண்மையன்று. குறுஞ்செய்தியின் கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். ஒரு குறுஞ்செய்தியில் 140 பைட்டுகள் அடங்கும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்துகள் எழுதலாம். தமிழை யூனிகோடில் அனுப்பினால் ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் தேவை. எனவே 70 குறிகளே இடம்பெறும். இதிலும் 'க்' என்பது ஒரு குறியன்று. ககரம் ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு. 'வணக்கம்' என்பதற்கு 7 குறிகள் ஆகும். அதாவது, செய்தியின் பத்தில் ஒரு பங்கு வணக்கத்திலேயே தீர்ந்துவிடும். ஆங்கில எழுத்தில் எழுதினால் 160இல் 8 மட்டுமே செலவாகும். பணம் கொடுத்துச் செய்தி அனுப்பிய காலத்தில் மாணவர்கள் எதைத் தேர்ந்தெடுத்திருப்பர் என்று சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, அன்றைய கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தன. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005இல் வெளிவந்தது. பிறகு கைப்பேசிகளிலேயே தமிழ் விசைப்பலகை உள்ளிணைந்து வரத் தொடங்கியது. தடை நீங்கிவிட்டது, பழக்கம் மட்டும் நின்றுவிட்டது.

ல, ள, ழ சிக்கல்

தமிழின் 18 மெய்களில் ல, ள, ழ, ர, ற, ந, ன, ண ஆகிய 8 மெய்கள் ஆங்கில எழுத்துக்கு மாறும்போது ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. 'வி, ஏ, எல், ஐ' என்னும் நான்கு எழுத்துகளை எழுதினால் அது வலியாகலாம், வழியாகலாம், வளியாகலாம், வாலியும் ஆகலாம். மனமும் மணமும் ஒன்றாகின்றன; கரையும் கறையும் ஒன்றாகின்றன. ழகரத்துக்கு 'இசட், எச்' இடும் வழக்கம் உண்டு என்றாலும், அவசரத்தில் பலர் 'எல்' போட்டு முடித்துக்கொள்கின்றனர். நம் மொழியின் பெயரையே ஆங்கிலத்தில் 'எல்' கொண்டுதானே எழுதுகிறோம்!

நண்பருக்கு அனுப்பும் செய்தியில் இதனால் தீங்கில்லை. இடம் நோக்கி அவர் புரிந்துகொள்வார், ஓலைச்சுவடி படித்தவரைப் போலவே. எழுதுபவருக்குத்தான் இழப்பு. 'பள்ளி'க்கு எந்த ளகரம் என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்வதன் மூலமே எழுத்து கைக்குப் பழகுகிறது. தங்கிலீஷில் அந்த முடிவை எடுக்கும் வேளையே வருவதில்லை.

ஒலிபெயர்ப்பு விசைப்பலகையிலும் இதே நிலைதான். ஆங்கில எழுத்தில் தட்டினால் மேலே உள்ள பட்டையில் சில தமிழ்ச் சொற்கள் தோன்றும். ஒன்றைத் தொட்டால் போதும். எழுதுதல் இங்கே தேர்ந்தெடுத்தலாகச் சுருங்குகிறது. சொல்லைப் பார்த்தால் சரியா தவறா என்று கண்டுபிடிக்கும் மாணவர், வெற்றுத்தாளில் அதே சொல்லை எழுதத் தடுமாறுவது இதனால்தான். சந்தி இன்னொரு பலி. பட்டை சொற்களைத் தனித்தனியாக எடுத்துத் தருவதால் 'அதைப் பற்றி' என்பது 'அதை பற்றி' என்றாகிறது. நாளடைவில் கண்ணும் அதற்குப் பழகிவிடுகிறது.

தமிழ்99

1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டின் பரிந்துரைப்படி தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை தமிழ்99. இதில் உயிர் எழுத்துகள் இடப்பக்கத்திலும் மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கத்திலும் அமைந்துள்ளன. ககரத்தைத் தட்டி இகரத்தைத் தட்டினால் 'கி' வரும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். இன எழுத்துகளுக்கும் அப்படியே: ப, ந, த, உ என நான்கு தட்டில் 'பந்து' வந்துவிடுகிறது. இதையே ஆங்கில எழுத்தில் அடித்தால் ஆறு தட்டு. தட்டுக் குறைவைவிடப் பெரிய பயன், லகரத்துக்கும் ளகரத்துக்கும் தனித்தனி விசை இருப்பதுதான். விரல் வேறிடம் போனால்தான் எழுத்து மாறும். ஆகவே எழுதுபவர் ஒவ்வொரு தடவையும் யோசித்தாக வேண்டும். முதல் சில நாட்கள் இது எரிச்சலூட்டும் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

குரல்வழித் தட்டச்சு இதற்கு நேர் எதிர். கூகுள் 2017இல் தமிழுக்கும் இவ்வசதியை அளித்தது. 'பளம்' என்று ஒலித்தாலும் கருவி பெரும்பாலும் 'பழம்' என்றே எழுதிவிடும். கை வலிமை குறைந்தோருக்கும் முதியோருக்கும் இது வரம். எழுத்துக் கற்கும் வயதினருக்கு அப்படிச் சொல்ல இயலாது.

பெற்றவை

இழப்பை மட்டும் பேசுவது நேர்மையாகாது. பேச்சுத் தமிழை எழுத்தில் கொண்டுவருவது முன்பு கதாசிரியர்களும் நாடக ஆசிரியர்களும் செய்த வேலை. இன்று 'வந்துட்டு இருக்கேன்' என்று ஒவ்வொருவரும் எழுதுகின்றனர். மாதம் ஒரு இன்லாண்ட் கடிதம் எழுதிய தலைமுறையைவிட இவர்கள் அடிக்கடி எழுதுகின்றனர் என்பதில் ஐயமில்லை. படிப்பிலும் வாசல் திறந்திருக்கிறது: 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2005இல் தொடங்கிய நூலகம் ஆகியவற்றின் வழியாக, நூலகம் இல்லாத ஊர் மாணவரும் பழைய நூல்களைக் கட்டணமின்றிப் பெறலாம். திரையில் துணுக்குகளையே உருட்டிப் பழகிய கண் நீண்ட பத்தியில் நிலைப்பதுதான் கடினம்.

வகுப்பில் செய்யத்தக்க பயிற்சி

மாணவர் தாம் தங்கிலீஷில் அனுப்பிய ஒரு செய்தியை எடுத்து, கைப்பேசியை மூடிவைத்துவிட்டுத் தாளில் தமிழ் எழுத்தில் எழுத வேண்டும். எந்த எழுத்தில் ஐயம் எழுந்ததோ அதன்கீழ் கோடிட வேண்டும். பின்னர் அச்சொற்களை மட்டும் அகராதியில் பார்த்துத் திருத்த வேண்டும். கோடுகள் பெரும்பாலும் மேலே சொன்ன 8 எழுத்துகளிலேயே விழும். ஐந்தாறு வரிச் செய்தி போதும். நீளமாக எடுத்தால் மாணவர் சலித்துப்போவர்.