பேரிடர் தகவமைப்பில் பால்புதுமையினர்

புயல், வெள்ளம், வறட்சி, கடல்மட்ட உயர்வு ஆகியவற்றைத் தாங்கி வாழ மக்களும் அரசுகளும் செய்துகொள்ளும் ஏற்பாடுகள் காலநிலைத் தகவமைப்பு எனப்படும். இவை பெரும்பாலும் குடும்பத்தை அலகாகக் கொண்டே திட்டமிடப்படுகின்றன. திருநர், தன்பாலீர்ப்பினர் உள்ளிட்ட பால்புதுமையினர் பலர் பிறந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் என்பதால், அந்தக் கணக்கில் எளிதில் விடுபடுகின்றனர். சூழல் நீதி பற்றிய பேச்சில் இவர்கள் இடம்பெறுவது இதனால்தான்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டில் இது வெளிப்பட்டது. (ஆழிப்பேரலை நிலநடுக்கத்தால் வந்தது, காலநிலை மாற்றத்தால் அன்று. ஆயினும் புயலுக்கும் வெள்ளத்துக்கும் நிவாரணம் இதே வழியில்தான் வழங்கப்படுகிறது.) அரவாணிகள் என அப்போது அழைக்கப்பட்ட திருநங்கையர் பலரிடம் குடும்ப அட்டை இல்லை. எனவே நிவாரணப் பொருளும் தற்காலிகக் குடியிருப்பும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களில் இறந்தோருக்குத் தனிக் கணக்கும் இல்லை. மாநில அரசு 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தைச் சட்டப்படி ஏற்றது.

இவர்கள் உதவி பெறுவோர் மட்டுமல்லர். பிலிப்பைன்சில் ஆணாகப் பிறந்து பெண்தன்மையோடு வாழ்வோர் 'பக்லா' எனப்படுகின்றனர். சோர்சோகோன் மாகாணத்தின் இரோசின் நகரில் வெள்ளக் காலங்களில் பக்லா இளைஞர்கள் வீடுவீடாகச் சென்று நிவாரணப் பொருள் திரட்டியதை ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். வீட்டில் தண்ணீர் சுமப்பது, விறகு சேர்ப்பது போன்ற ஆண்களின் வேலையும் குழந்தை பராமரிப்பும் சேர்ந்தே அவர்கள் தலையில் விழுகின்றன. இரு பாலாரின் வேலையையும் அறிந்திருப்பது இடர்க்காலத்தில் அரிய திறன்; அதையே வசதியாகச் சுரண்டவும் முடிகிறது. இத்தனை செய்தவர்களுக்கு முகாமில் கேலியும் தனிமறைவின்மையும்தான் மிஞ்சின. ஆண், பெண் என இரண்டாகப் பிரித்த கழிப்பறைகளில் அவர்களுக்கு இடமில்லை.

பிஜியில் 2016 பிப்ரவரி 20 அன்று தாக்கிய வின்ஸ்டன் புயலில் 44 பேர் இறந்தனர். புயல் வந்ததற்கே பால்புதுமையினரின் 'பாவம்' காரணம் என்று பழி சுமத்தப்பட்டதை 2018இல் வெளியான ஆய்வறிக்கை பதிவுசெய்தது. அவ்வறிக்கையை உருவாக்கியதில் அந்நாட்டுப் பால்புதுமையினரின் ரெயின்போ பிரைடு அறக்கட்டளைக்கும் பங்குண்டு.

பேரிடர் குறைப்புக்காக 2015இல் ஏற்கப்பட்ட ஐ.நா.வின் செண்டாய் கட்டமைப்பு பெண்கள், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள், புலம்பெயர்ந்தோர் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பால்புதுமையினர் அதில் குறிப்பிடப்படவில்லை.